ருக்மணி கோத்த சக்கரம்

பண்டார் ஹிலிரின் பாடாங் என்னும் புல்திடலில் அன்று சைக்கிள் பந்தயத்தில் ஓடிய பதினான்கு பேரில் கருணாகரன் பதின்மூன்றாவதாக வந்தான். பதினான்காவது ஆள் நான்காம் சுற்றிலேயே விழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஆக, முடித்தவர்களில் கடைசி ஆள் கருணாகரன்தான்.

கருணாகரன் தந்தி ஆபீஸில் பியூன். மலாக்கா டவுனில் அவன் சைக்கிள் போகாத சந்து கிடையாது. சாவுச் செய்தியோ பிறப்புச் செய்தியோ, அவன் மிதித்துக்கொண்டு போய்க் கொடுத்தால்தான் உண்டு. அந்தக் கால் வலுவை நம்பித்தான் ஆபீஸ் நண்பர்கள் அவன் பேரைப் பந்தயத்துக்குக் கொடுத்தார்கள். சொந்த சைக்கிளில் மட்கார்டையும் கேரியரையும் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான். அவன் கோட்டைத் தாண்டியபோது ஒலிபெருக்கியில் பேசியவர், "தந்தி இப்போதுதான் வந்து சேர்ந்தது, கொஞ்சம் லேட்டு!" என்றார். பாடாங் முழுக்கச் சிரித்தது. கருணாகரனும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, சேர்ந்து சிரித்தான்.

அவன் மனைவி ருக்மணி சிரிக்கவில்லை.

அவள் எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தயக்காரர்கள் சைக்கிள்களைச் சாய்த்து வைத்திருந்த இடத்துக்குப் போனாள். முதலில் வந்தவர் போலீஸ்காரர் ஜக்காரியா. மூன்று வருஷமாக மலாக்காவில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. அவருடைய சைக்கிள் பக்கத்தில் ருக்மணி குந்தி உட்கார்ந்தாள். பிரேக் இல்லை, மணி இல்லை. பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். சக்கரத்தோடு மிதியும் சுற்றியது. நிறுத்தினால் மிதியும் நின்றது. டயர் சுண்டுவிரலை விடக் கொஞ்சம்தான் பருமன். ஒரு விரலை நடுக்கம்பியின் அடியில் கொடுத்துத் தூக்கினாள். எழும்பியது. கருணாகரனுடைய சைக்கிளைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஆளுல கொறையில்லைங்க, வண்டியிலதான் கொறை" என்றாள்.

"விடு ருக்கு. சும்மா வெளையாட்டுக்குத்தானே ஓடுனேன்லா."

"வெளையாட்டுக்கு ஓடுனவர் எதுக்கு ஒரு மாசமா காலையில எந்திரிச்சுப் போயி ஓட்டிப் பார்த்தீங்க?"

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான். காஜா பெராங்கில் அவர்கள் வீடு வரும்வரை அவள் அந்தக் கனத்த சக்கரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ருக்மணி ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால் வெட்டப் போகமாட்டேன் என்று பதினைந்து வயதில் சொல்லிவிட்டு, தோட்டத்துக் கடையின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த தையல் மெஷினைக் கேட்டு வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி மாட்டி ஓட வைத்தவள். மாட்டி முடித்த பிறகு இரண்டு திருகாணி மிஞ்சியது. மெஷின் ஓடியதால் அவற்றைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கல்யாணமாகி டவுனுக்கு வந்தபோது அந்த மெஷினையும் கூடவே கொண்டுவந்தாள். காஜா பெராங்கில் பள்ளிக்கூடச் சட்டை, ரவிக்கை, கெபாயா என்னும் மலாய் மேல்சட்டை, எது தைக்க வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். ஒரு துணியைக் கையில் எடுத்தால், அது எங்கே இழுக்கிறது, எங்கே தொய்கிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

பந்தய சைக்கிள் ஒன்று எங்கே கிடைக்கும் என்று அவள் விசாரிக்கத் தொடங்கினாள். புதிது வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கு எழுதிப்போட்டு, கப்பலில் வரவழைக்க வேண்டும். அது பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கான கதை. பழையது ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்று சொன்னது, ரவிக்கை தைக்க வந்த ஒருத்தி. சிட்டி கம்போங் என்னும் குடியிருப்பில் தம்பிராஜா பிள்ளை வீட்டு உத்தரத்தில் ஒரு சைக்கிள் தொங்குகிறதாம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவர் அதில் பந்தயம் ஓடியவராம்.

சிட்டி மக்கள் மலாக்காவில் பல தலைமுறையாக வாழ்கிறவர்கள். கோயிலும் திருநீறும் நம்மைப் போலத்தான். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். தம்பிராஜா பிள்ளைக்குத் தமிழில் சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும் தெரியும். மற்றதெல்லாம் மலாய்தான். ருக்மணி மலாயிலேயே பேசினாள்.

"சைக்கிளை விற்பீர்களா?"

பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் ஒரு காலத்தில் ஒல்லியாக இருந்திருக்கலாம். இப்போது சாரோங்கின் முடிச்சுக்கு மேலே வயிறு தள்ளியிருந்தது. "யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு. தந்தி ஆபீஸ்."

"ஓ, கடைசியாக வந்தாரே, அவரா?"

"ஆமாம், அவர்தான்" என்றாள் ருக்மணி, முகம் மாறாமல்.

பிள்ளைக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது போலிருக்கிறது. ஏணி போட்டு ஏறினார். இறங்கி வந்த பொருளை சைக்கிள் என்று சொல்ல மனது வராது. சட்டம் இருந்தது, ஒட்டடைக்கு அடியில் கரும்பச்சை நிறம். முன்பக்க ஃபோர்க் பின்னால் மடங்கியிருந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் பிள்ளை விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்ட பந்தயத்தின் அடையாளம் அது. முன்சக்கரமே இல்லை, அதன் நடுவில் வரும் ஹப் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. பின்சக்கரத்தின் ரிம் துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தது. சங்கிலி, கட்டை மாதிரி விறைத்திருந்தது.

"ஃபோர்க் வளைந்திருக்கிறது. நான் மறைக்கவில்லை, பார்த்துக்கொள்" என்றார் பிள்ளை. பிறகு ஒரு விலை சொன்னார்.

ருக்மணி விலையைக் கேட்காதது போல வீட்டின் உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடத்தில் பட்டும் ஜரிகைத் துணியும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. "கல்யாணமா?"

"மகள் சந்திரமதிக்கு. இரண்டு மாதம்தான் இருக்கிறது. பண்டார் ஹிலிர் தையல்காரன் இன்னும் ஒரு கெபாயாகூடக் கொடுக்கவில்லை."

"நான் தைத்துத் தருகிறேன். பெண்ணுக்கு, பெண்ணின் சித்திகளுக்கு, அத்தைகளுக்கு, யார் யாருக்கு வேண்டுமோ எல்லாருக்கும். ஒரு மாதத்தில் முடித்துவிடுவேன். கூலி வேண்டாம். சைக்கிளைக் கொடுத்துவிடுங்கள்."

உள்ளேயிருந்து சந்திரமதி, அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால், "போலே!" என்று கத்தினாள். போலே என்றால் மலாயில் முடியும், ஆகட்டும். வியாபாரம் அதோடு முடிந்துவிட்டது.

அந்த ஒரு மாதத்தில் ருக்மணி பதினெட்டு கெபாயா தைத்தாள். விளிம்புக்கெல்லாம் கையாலேயே பூவேலை செய்தாள். கடைசி கெபாயாவைக் கொடுத்துவிட்டு, சைக்கிள் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிஸ்கட் டின்னை இடுக்கிக்கொண்டு, கம்போங் வழியாக வீட்டுக்கு நடந்தாள். குழாயடியில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேலை முடிந்து வந்த கருணாகரன், வாசலில் சாய்த்து வைத்திருந்ததைச் சுற்றிச் சுற்றி வந்தான். விரலால் ஒட்டடையைத் துடைத்து, அடியில் தெரிந்த பச்சையைப் பார்த்தான்.

"இதுக்காகவா ருக்கு ஒரு மாசமா கண்ணு செவக்கத் தைச்சே?"

"நல்லா இருக்குதா, சொல்லுங்க."

அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சங்கிலி இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறியது. மூன்றாம் நாள் ஒவ்வொரு கண்ணியாக அசைத்து அசைத்து அவன் அதற்கு உயிர் கொடுத்தான்.

சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ருக்மணி ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்கழுத்துக் குழாயைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு, அதன் இரண்டு முனைகளையும் பின்சக்கரம் மாட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினாள். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தையல் டேப்பால் இடப்பக்கம் அளந்தாள், வலப்பக்கம் அளந்தாள். ஒரே அளவு. பிள்ளையின் தோள்பட்டையும் ஃபோர்க்கும் அடியை வாங்கிக்கொண்டு சட்டத்தைக் காப்பாற்றியிருந்தன.

ஃபோர்க்கை ஜாலான் துக்காங் பெசி தெருவில் ஒரு சீனக் கொல்லரிடம் கொண்டுபோனார்கள். நெருப்பில் காட்டினால் இரும்பு சோர்ந்துவிடும் என்று அவர் மறுத்தார். குளிர்ந்த இரும்பாகவே இடுக்கியில் மாட்டி, நீண்ட குழாயைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினார். ஒவ்வொரு தடவையும் பூதக்கண்ணாடி வைத்து விரிசல் தேடினார். விரிசல் விழவில்லை.

அடுத்தது சக்கரம். ஜாலான் புங்கா ராயாவில் ஹொக் லாய் என்பவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் மூலமாக சிங்கப்பூரிலிருந்து இரண்டு பந்தய ரிம்மும் தையல் டயரும் வந்தன. தையல் டயர் என்பது டியூபை உள்ளே வைத்துச் சுற்றிலும் தைத்து மூடிய டயர். ரிம்மில் அரக்குப் பூசி ஒட்ட வேண்டும். ருக்மணி அதை இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தாள். உள்பக்கம் ஓடிய தையலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பெரிய மர்மமும் கடைசியில் ஊசியும் நூலும்தான்.

சக்கரம் கோத்துக் கொடுத்தது ஹொக் லாய் கடை மெக்கானிக். சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்ததால் கடையில் ஒரே கூட்டம். வரிசையில் நூறு சைக்கிள் நின்றது. அவன் பழைய பின்சக்கரத்தின் கம்பிகளை வெட்டிப் போட்டுவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே சாயங்காலத்தில் முடித்துக் கொடுத்தான். வெட்டிய கம்பிகளை ருக்மணி வீணாக்கவில்லை, துணிக்கொடிக் கொக்கிக்கு உதவும் என்று டின்னில் போட்டு எடுத்து வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கருணாகரன் முதல்முறையாகப் பாடாங்கில் அந்த சைக்கிளில் ஏறினான். நேரே போகும்போது காற்று மாதிரி போனான். ருக்மணி சுற்றுகளை விரல் விட்டு எண்ணினாள். மூன்றாம் சுற்றில் வளைவுக்குள் சாய்ந்தபோது, 'டிங், டிங்' என்று ஏதோ சத்தம் கேட்டது. அடுத்த கணம் முன்சக்கரம் அப்பளம் மாதிரி மடங்கிவிட்டது. கருணாகரன் கைப்பிடிக்கு மேலே பறந்து போய்ப் புல்லில் விழுந்தான்.

எலும்பு எதுவும் முறியவில்லை. தோளும் முழங்கையும் உரிந்துபோயின. நான்கு நாள் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் தந்தி கொடுக்கப் போனான். நான்காம் நாள் சாயங்காலம் காயத்துக்கு மருந்து போட்டுவிட்ட ருக்மணியிடம், "பிள்ளைகிட்டயே திருப்பிக் குடுத்துடலாம். இல்லாட்டி பழைய இரும்புக்குப் போடலாம்" என்றான்.

"சட்டை கிழிஞ்சா உடம்பையா தூக்கிப் போடுவீங்க? சக்கரம்தானே போச்சு. நான் கோக்குறேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

அடுத்த நாள் மடங்கின சக்கரத்தை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். கம்பிகளை விரலால் நெருடிப் பார்த்தாள். சில கம்பி வீணைத் தந்தி மாதிரி முறுக்கேறியிருந்தது. சில கம்பி தொளதொளவென்று ஆடியது. மெஷினில் மேல்நூல் இறுகி அடிநூல் தொய்ந்தால் தையல் எப்படி நெளியுமோ, அப்படித்தான் இதுவும் நெளிந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவசரத்தில் கோத்த சக்கரம். இழுவை ஒன்றுபோல இல்லை.

கொடிக் கொக்கிக்கு என்று எடுத்து வந்த பழைய கம்பிகளை டின்னிலிருந்து கொட்டினாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். ஒரு கம்பி இன்னொரு கம்பியைக் குறுக்கே கடக்கிற இடத்தில் மெல்லிய செப்புக் கம்பி சுற்றி, மேலே ஈயம் பற்றவைத்திருந்தது. முதலில் பார்த்தபோது, உடைந்ததற்கு யாரோ போட்ட ஒட்டு என்று நினைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தாள். கையில் இருந்த அத்தனை ஜோடியிலும் அந்தக் கட்டு இருந்தது. எல்லாமா உடைந்திருக்கும்? வேண்டுமென்றே போட்ட கட்டு. ஒரு கம்பி உடைந்தாலும் பக்கத்துக் கம்பி தாங்கும். வளைவில் சாயும்போது சக்கரம் நெளியாது.

ஹொக் லாய் கடைக்குப் போய்ப் புதுக் கம்பியும் ஒரு ரிம்மும் கம்பி முனையில் இருக்கும் நிப்பிளைத் திருகும் சின்னச் சாவியும் கேட்டாள். மெக்கானிக் கோத்த சக்கரம் மடங்கியதில் ஹொக் லாய்க்கும் சங்கடம்தான். ரிம்முக்கு விலை வாங்கவில்லை. சாவியை எடுத்து நீட்டும்போது மட்டும், "போலேகா?" என்று கேட்டார். முடியுமா என்று அர்த்தம்.

"போலே" என்றாள் ருக்மணி. அவள் குரல் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

முடியும் என்று சொல்லிவிட்டாளே தவிர, முதல் தடவை முடியவில்லை. கருணாகரனின் ஆபீஸ் சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்துக் கோத்தாள். கோத்து முடித்த பிறகு பார்த்தால், காற்றடிக்கும் வால்வு வரவேண்டிய துளைக்கு நேரே இரண்டு கம்பி குறுக்கே ஓடியது. காற்றுக் குழாயையே மாட்ட முடியாது. அத்தனையையும் பிரித்தாள். இரண்டாம் தடவை, சக்கரம் பக்கவாட்டில் ஆடவில்லை, ஆனால் முட்டை மாதிரி ஓர் இடத்தில் எழும்பி இறங்கியது. அதையும் பிரித்தாள். தைக்க வந்த துணியெல்லாம் மெஷின் மேல் குவிந்தது. "ருக்மணிக்குப் பேய் பிடிச்சிருக்கு, சக்கரத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் தடவை அவள் அவசரப்படவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தையல் ஊசியை நூலால் கட்டினாள். ஊசி முனைகளுக்கு நடுவே ரிம் உரசாமல் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் 'சிக்' என்று உரசினால், எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்குவாள். பிறகு ஒவ்வொரு கம்பியாக நகத்தால் சுண்டுவாள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே குரலில் பேச வேண்டும். மாறிக் கேட்டால் மறுபடி கால் திருகு. காலையில் சமைத்து முடித்ததும் உட்காருவாள். மத்தியானம் வெயில் வாசலுக்கு வந்துவிட்டால் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு உள்ளே நகர்வாள். பதினோராம் நாள் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். ஒரு 'சிக்'கும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள். ரிம் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல், ஊசிகளுக்கு நடுவே வெள்ளிக் கோடு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

தந்தி ஆபீஸில் கம்பி ஒட்டுகிற ஈயக்கோலை கருணாகரன் இரவல் வாங்கி வந்தான். அவள் செப்புக் கம்பியைச் சுற்ற, அவன் ஈயம் வைத்தான். முன்சக்கரத்தில் பதினாறு கட்டு. பிறகு பின்சக்கரத்தையும் பிரித்துக் கோத்தாள், அதில் இருபது கட்டு. ஒரு கட்டில் ஈயம் கொஞ்சம் தடித்துவிட்டது. அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் பார்க்காதபோது அரம் வைத்துத் தேய்த்து ஒழுங்குபடுத்தினாள்.

மறுபடி பாடாங்குக்குப் போனார்கள். மறுபடி அதே வளைவு. ருக்மணி அந்த 'டிங்' சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கருணாகரன் சாய்ந்தான். சக்கரம் முனகக்கூட இல்லை. சுற்று முடித்து அவளைத் தாண்டும்போது அவன் வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகு தொல்லை கொடுத்தது தொட்டாற்சிணுங்கி முள்தான். பாடாங் புல்லில் அங்கங்கே பதுங்கியிருக்கும். வாரம் ஒரு முறையாவது டயரில் ஏறிவிடும். மற்ற பந்தயக்காரர்கள் பஞ்சரான தையல் டயரைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அல்லது சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள். ருக்மணி அடிப்பட்டையை உரித்து, தையலை நான்கு விரற்கடை பிரித்து, டியூபை வெளியே இழுத்து, ஒட்டுப் போட்டு, உள்ளே தள்ளி, மெழுகு தேய்த்த நூலால் பழைய துளைகள் வழியாகவே மறுபடி தைத்துவிடுவாள். எங்கே பிரித்தாள் என்று அவளே காட்டினால்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தது. நாட்டில் ஊருக்கு ஊர் கொண்டாட்டம். அந்த செப்டம்பரில் பாடாங்கில் மூன்று மைல் பந்தயம் வைத்தார்கள், பன்னிரண்டு சுற்று. காலையில் மழை பெய்து புல் ஈரமாக இருந்தது. மூவார், சிரம்பான் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். போலீஸ்காரர் ஜக்காரியாவும் இருந்தார். கரும்பச்சை சைக்கிளைக் கருணாகரன் கோட்டுக்குக் கொண்டுவந்தபோது, தம்பிராஜா பிள்ளை கூட்டத்திலிருந்து எழுந்து நின்று பார்த்தார். உட்காரவே இல்லை.

ருக்மணி ஆளைப் பார்க்கவில்லை, சக்கரத்தையே பார்த்தாள். ஐந்து சுற்று, ஆறு சுற்று. கருணாகரன் நடுக்கூட்டத்தில் இருந்தான். எட்டாம் சுற்றில் நான்காவதாக ஏறினான். ஒன்பதாம் சுற்றின் வளைவில் அவனுக்கு முன்னால் போனவனின் டயர் ஈரப்புல்லில் வழுக்கியது. ஆள் சைக்கிளோடு குறுக்கே விழுந்தான். கருணாகரனுக்கு விலக இடமில்லை. அவனுடைய முன்சக்கரம், விழுந்தவனின் சக்கரத்தின் மேல் பக்கவாட்டில் இடித்து ஏறிக் குதித்தது. இடித்த சத்தம் ருக்மணி நின்ற இடம்வரை கேட்டது. அவள் தன்னையறியாமல் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சக்கரம் நெளியவில்லை. ஒரு கம்பி அறுந்து தொங்கியது. மற்ற கம்பிகள் அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு சுற்றின. கருணாகரன் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்து, மறுபடி மிதித்தான். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது அவனுக்கு முன்னால் இரண்டே பேர். கடைசி வளைவில் மூவார்க்காரனைத் தாண்டினான். ஜக்காரியாவைத் தாண்ட முடியவில்லை. அரைச் சக்கர தூரத்தில் ஜக்காரியா முதலில் போனார்.

கருணாகரன் இரண்டாவது. சைக்கிளை விட்டு இறங்காமலே புல்லில் சாய்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள். ருக்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொண்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டாள். அறுந்த கம்பி மட்டும் தட்டிக்கொண்டு போனது. ரிம் ஒரு நூல் ஆடியது, அவ்வளவுதான்.

ஜக்காரியாவும் வந்து அந்தச் சக்கரத்தின் முன் குந்தினார். பரிசுக் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு, ஈயக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இதை யார் கோத்தது? சிங்கப்பூரா?" என்று மலாயில் கேட்டார்.

கருணாகரன் படுத்திருந்தபடியே முகவாயால் காட்டினான். "பினி சாயா" என்றான். என் மனைவி. அதை ஒரு முறை சொன்னது போதவில்லை போலும். எழுந்து உட்கார்ந்து, சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னான்.

ருக்மணிக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் தலை குனியவில்லை. ஜக்காரியா நிமிர்ந்து பார்த்தபோது அவளும் நேராகப் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை போலீஸ் உடுப்போடு ஜக்காரியா காஜா பெராங்குக்கு வந்தார். போலீஸ் வருகிறது என்று தெருவே எட்டிப் பார்த்தது. அவர் தோளில் இரண்டு சக்கரம் மாட்டியிருந்தது. "இதையும் அதே மாதிரி கோத்துத் தர முடியுமா, அக்கா?" என்று கேட்டார். அந்த 'அக்கா' என்ற சொல்லை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும். வாயில் கொஞ்சம் தடுக்கியது.

"எங்க வீட்டுக்காரரை அடுத்த தடவையும் நீங்கதான் ஜெயிப்பீங்களா?" என்று மலாயில் கேட்டாள் ருக்மணி.

"தெரியாது."

"அப்ப வச்சிட்டுப் போங்க. ஒரு வாரம்."

கருணாகரன் அன்று சாயங்காலம் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "எதிராளிக்கே சக்கரம் கோத்துக் குடுக்குற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சக்கரம் இருந்தாத்தானே யாரு நல்லா ஓட்டுறாங்கன்னு தெரியும்?"

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "சரிதான்லா" என்றான். ஐம்பத்தெட்டில் இரண்டு பந்தயத்தில் ஜக்காரியா முந்தினார், ஒன்றில் கருணாகரன் முந்தினான். மூன்றிலும் இரண்டு பேர் சக்கரமும் ஒரே கையால் கோத்தவை. மூன்றுக்கும் முந்தின இரவில் ருக்மணிக்குத் தூக்கம் வந்தது என்று சொல்ல முடியாது.

ஹொக் லாய் தன் கடைக்கு வந்த பந்தயச் சக்கரங்களை எல்லாம் அவளிடமே அனுப்பத் தொடங்கினார். வீட்டு முன்னறையில் ஒரு பக்கம் ரவிக்கையும் கெபாயாவும் தொங்கின. மறுபக்கம் ஆணியில் ரிம்கள் தொங்கின. அளவு கொடுக்க வந்த பெண்கள் கம்பிகளைச் சுண்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். பின்னாளில் ருக்மணிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினார்கள்.

ஐம்பத்தொன்பதில் சிரம்பானில் நடந்த பந்தயத்துக்கு மலாக்காவிலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு போனது. கருணாகரனும் ஜக்காரியாவும் அதில் உண்டு. சைக்கிள் சங்கத்துச் செயலாளர் மாணிக்கவாசகம் தட்டச்சு அடித்துக் கொண்டுவந்த பட்டியலில், ஓட்டுகிறவர்களின் பெயருக்குக் கீழே, 'மெக்கானிக்' என்ற இடம் காலியாக இருந்தது.

"ஹொக் லாய் கடையிலேர்ந்து யாரையாச்சும் அனுப்பச் சொல்லணும்" என்றார் அவர்.

"அக்கா இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?" என்று மலாயில் கேட்டார் ஜக்காரியா. கருணாகரன் பேனாவை எடுத்து, காலி இடத்தில், தந்திக் கையெழுத்தில் கட்டைக் கட்டை எழுத்தாக ருக்மணியின் பெயரை எழுதிவிட்டான்.

மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொம்பளையா? அங்க என்ன சொல்லுவாங்களோ, தம்பி."

"அவங்க சக்கரம் ஆடுனா வந்து எங்ககிட்டதான் கேப்பாங்க, ஐயா" என்றான் கருணாகரன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

லாரியில் போனார்கள். ஆண்கள் பின்னால் சைக்கிள்களோடு உட்கார்ந்தார்கள். ருக்மணி டிரைவர் பக்கத்தில், கைப்பெட்டியில் சாவியும் ஈயமும் மெழுகு நூலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரம்பான் மைதானத்து வாசலில் ஒருவர் பெயரைக் கேட்டுக் கேட்டுக் கைப்பட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டுகிறவர்களுக்கு வெள்ளை, மெக்கானிக்குகளுக்கு மஞ்சள். அவள் முறை வந்தபோது அவர் பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். பிறகு மஞ்சள் பட்டையை நீட்டினார்.

ஆண்களின் புஜத்துக்கு அளவெடுத்துத் தைத்த பட்டை அது. அவள் கையில் வளையல் மாதிரி முழங்கைக்கு இறங்கிவிட்டது. ருக்மணி வாசலை விட்டு ஓரமாக நகர்ந்தாள். கைப்பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்து, பட்டையை இரண்டு விரற்கடை உள்ளே மடித்து, நான்கு தையல் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பட்டையை ரவிக்கைக் கையின் மேலே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், ஏற்றி மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் போனாள்.